இயேசுவால் பாவம் செய்திருக்க முடியுமா? செய்யவில்லை என்பது தெரியும், முடியுமா என்பதுதான் கேள்வி

தோட்டத்துப் பிள்ளை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். இயேசு பாவம் செய்யவில்லை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, 1 பேதுரு 2:22 இல் பளிச்சென்று இருக்கிறது. நினைத்திருந்தால் செய்திருக்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இங்கே சுங்கை சிப்புட்டில் எங்கள் வேதபாட வகுப்பில் மத்தேயு 4 படித்தபோது இதைக் கேட்டேன். வகுப்பு எடுத்தவர் "இப்படியெல்லாம் கேட்கக்கூடாது தம்பி, விசுவாசி" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். விசுவாசிக்கத்தான் செய்கிறேன். ஆனால் முடியவே முடியாது என்றால் 40 நாள் பட்டினி, கல்லை அப்பமாக்கு, உப்பரிகையிலிருந்து தாழக் குதி, இதெல்லாம் யாருக்காக நடந்தது? சரி, முடியும் என்று வைத்துக்கொண்டால் தேவனே பாவம் செய்யலாம் என்று வந்து நிற்கிறதே. எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

செம்பனை மெதடிஸ்ட் எழுதியது:
தம்பி, கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. சபை 1,500 வருடத்துக்கு மேலாகப் பேசி வருகிற விஷயம் இது, சுங்கை சிப்புட்டில் மட்டும் கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் போடவில்லை.

என் பதில், முடியாது. பாவம் செய்வது ஒரு ஆள், சுபாவம் தனியாக எழுந்து போய்ப் பாவம் செய்வதில்லை. 451 இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் என்ன சொன்னது? கிறிஸ்துவில் தேவ சுபாவமும் உண்டு, மனித சுபாவமும் உண்டு, இரண்டும் கலக்கவும் இல்லை, மாறவும் இல்லை, பிரியவும் இல்லை, ஆனால் ஆள் ஒருவரே. அந்த ஆள் பிதாவோடு என்றைக்கும் இருந்த குமாரன். அதனால் "மனிதனாகப் பாவம் செய்திருக்கலாம், தேவனாகச் செய்திருக்க முடியாது" என்று பாதிப் பாதியாகப் பங்கு போட்டுத் தப்பிக்க வழியில்லை. எந்தச் சுபாவத்தின் வழியாக நடந்தாலும் செய்தவர் தேவகுமாரன் என்றுதான் கணக்கில் ஏறும். "தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல" என்று யாக்கோபு 1:13 சொல்கிறது. முடிந்தது.

தோட்டத்துப் பிள்ளை எழுதியது:
முடியவில்லை அண்ணே, அந்த வசனம்தான் இன்னும் குழப்புகிறது. தேவன் சோதிக்கப்படுகிறவரல்ல, ஆனால் இயேசு சோதிக்கப்பட்டார். அப்போது இயேசு தேவன் இல்லை என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன பதில் சொல்வது?

செம்பனை மெதடிஸ்ட் எழுதியது:
பசிக்குச் சொல்கிற பதிலைத்தான். தேவனுக்குப் பசியில்லை, இயேசுவுக்குப் பசித்தது. தேவனுக்குச் சாவில்லை, இயேசு செத்தார். குமாரன் மனித சுபாவத்தை எடுத்துக்கொண்டதால் அந்தச் சுபாவத்தின் வழியாகப் பசித்தார், அழுதார், சோதிக்கப்பட்டார்.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:
அண்ணன் நல்லாப் போய்க்கொண்டிருந்தார், கடைசிப் பதிவில் தானே குழியும் வெட்டிவிட்டார். மனித சுபாவத்தின் வழியாகச் சாகலாம் என்றால் அதே வழியாகப் பாவமும் செய்திருக்கலாமே? சாவதும் ஆள்தானே, சுபாவம் தனியாகச் சாவதில்லையே.

நான் மறுபக்கம். இது ஏதோ நவீனக்காரர்கள் கிளப்பிவிட்ட கருத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரின்ஸ்டனில் பாடம் சொன்ன சார்லஸ் ஹாட்ஜ், 19 ஆம் நூற்றாண்டில் அவரைவிடப் பழைமையில் உறுதியான சீர்திருத்த இறையியலாளரைத் தேடுவது கஷ்டம், அவரே எழுதியிருக்கிறார்: கிறிஸ்து உண்மையான மனிதர் என்றால் பாவம் செய்யக்கூடியவராக இருந்திருக்க வேண்டும், சோதனை என்றாலே விழும் வாய்ப்பு அதற்குள் இருக்கிறது, அவருடைய ஆள்தன்மையே அதைத் தடுத்துவிட்டது என்றால் அந்தச் சோதனை உண்மையும் இல்லை, அவரால் நமக்காகப் பரிதபிக்கவும் முடியாது. எபிரெயர் 4:15 ஐ எடுத்துப் படியுங்கள், "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்" என்று இருக்கிறது. எல்லாவிதத்திலும்! பாதி விதத்தில் என்று இல்லை. நம்மைப்போல் என்றால் நான் விழலாம் என்கிற மாதிரி அவரும் விழலாம் என்று இருந்தால்தானே நம்மைப்போல்?

அவர் விழவே இல்லை என்பது எனக்கும் கல்லில் எழுதியது. ஆனால் விழாமல் நின்றார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர் உண்மையில் நின்றிருக்க வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் எழுதியது:
அப்படியே, கோவிலில் கசையை எடுத்து அடித்ததும் அத்திமரத்தைச் சபித்ததும் பாவத்தில் சேராதா என்று யாராவது சொல்லுங்கள்

நடுவர்:
அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே தலைப்பு வேறு.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:
தங்கச்சி கேட்டது சரியான இடத்தில் குத்துகிறது, மெதடிஸ்ட் தம்பி பதில் சொல்வதற்குள் நான் நுழைகிறேன். நான் கத்தோலிக்கன், அதனால் வார்த்தைகள் கொஞ்சம் மாறி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசியும் சாவும் மனிதன் அனுபவிக்கிற குறைகள், கடவுளுக்கு எதிரான செயல்கள் அல்ல. அவற்றை ஒருவர் விரும்பி ஏற்கலாம். பாவம் என்பது கடவுளின் திருவுளத்தை எதிர்த்து ஒருவர் எடுக்கிற முடிவு. கடவுளின் மகன் கடவுளை எதிர்த்து முடிவெடுத்தார் என்றால் கடவுளே கடவுளை எதிர்க்கிறார் என்று ஆகும். அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடுத்தது, உண்மையான மனிதன் என்றால் பாவம் செய்ய முடிந்தே ஆகவேண்டும் என்கிற ஹாட்ஜின் வாதம். நான் ஒன்று கேட்கிறேன். விண்ணகத்தில் இருக்கும் புனிதர்கள் மனிதர்களா இல்லையா? அவர்கள் இனிப் பாவம் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் நீங்களும் சொல்வீர்கள், நாங்களும் சொல்வோம். மனிதராகவும் இருக்கிறார்கள், பாவமும் செய்ய முடியாது. அப்போது பாவம் செய்ய முடிவது மனித இயல்பின் கட்டாயப் பகுதி இல்லை. அகுஸ்தினார் தம் கடைசிக் காலத்தில் இதைத்தான் எழுதினார்: ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம் பாவம் செய்யாமல் இருக்க முடிவது, முடிவில் கிடைக்கப்போகும் சுதந்திரம் பாவம் செய்யவே முடியாமல் இருப்பது, இரண்டாவதுதான் மிகப் பெரியது. நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம், தப்பு செய்ய வாய்ப்பு இருந்தால்தான் சுதந்திரம் என்று நினைக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, இயேசு விண்ணேற்றம் அடைந்தபோது மனிதத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. இன்றும் மனிதர். மனிதர் என்பதாலேயே பாவம் செய்யலாம் என்றால் இன்றைக்கும் செய்யலாம், நாளைக்கும் செய்யலாம். அப்படி ஒரு மீட்பரை நம்பி யார் கண் மூடுவது?

553 இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய இரண்டாவது சங்கம் மொப்சுவெஸ்தியா ஆயர் தியோதோரைக் கண்டித்தபோது அவர் தலையில் சுமத்திய கருத்துகளில் இதுவும் ஒன்று, கிறிஸ்து இச்சைகளோடு போராடிப் படிப்படியாக மேம்பட்டு உயிர்ப்புக்குப் பிறகுதான் மாறாதவர் ஆனார் என்பது. பாவம் தியோதோர், செத்து 125 வருடம் கழித்து அவர் மேல் வழக்கு.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:
பரலோகப் புனிதர் வாதம் கனமானது ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அங்கே சோதிக்கப்படவில்லையே! பிசாசு அங்கே போய்க் கல்லை அப்பமாக்கு என்று சொல்வதில்லை. நான் கேட்பது சோதனையின் உண்மையை. அதற்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

செம்பனை மெதடிஸ்ட் எழுதியது:
அதற்கு வில்லியம் ஷெட் பதில் சொன்னார், ஹாட்ஜ் காலத்தவர்தான், நியூயார்க்கில் பேராசிரியர், 1888 இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. ஒரு இரும்புக் கம்பியைக் கையால் வளைக்கலாம், அதே கம்பியைக் கனத்த இரும்புத் தடியோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் வளைக்க முடியாது. கம்பியின் குணம் மாறவில்லை, கம்பி கம்பிதான், சேர்ந்திருக்கும் இடம் அப்படி. மனித சுபாவம் தனியாக இருந்தால் சோதிக்கப்படவும் முடியும், விழவும் முடியும். குமாரனோடு சேர்ந்திருப்பதால் சோதிக்கப்பட முடியும், விழ முடியாது.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:
கம்பிக்கு வலிக்காது அண்ணா.

பழைய ரப்பர் ஆலை எழுதியது:
நான் படித்தவன் இல்லை, ஐயா தங்கச்சி எல்லாரும் கோபிக்க வேண்டாம். சங்கம், வருடம் எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு சம்சு தெரியும், அந்த மலிவுச் சாராயம். தோட்டத்தில் இருந்த காலத்தில் பிடித்த பழக்கம், ஆலை மூடி டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை, மனைவி பிள்ளைகள் பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன். இப்போது விட்டுவிட்டேன். ஆனால் சம்பள நாளில் அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது உடம்பு முழுக்க இழுக்கும், வாயில் எச்சில் ஊறும், கால் தானாகத் திரும்பும். நான் கேட்பது இதுதான். எல்லாவிதத்திலும் நம்மைப்போல் என்று தங்கச்சி வசனம் போட்டார்கள். இந்த இழுப்பு அவருக்கு இருந்ததா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:
சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் தம்பி. இல்லை.

திருத்தந்தை பெரிய கிரகோரியார், 6 ஆம் நூற்றாண்டு, இந்த மத்தேயு 4 பகுதிக்கே பிரசங்கம் செய்திருக்கிறார். சோதனை மூன்று படியில் நடக்கும் என்றார். வெளியிலிருந்து தூண்டுதல் வரும், உள்ளே அதில் ஒரு இன்பம் கிளம்பும், அப்புறம் சம்மதம். நமக்கு அநேகமாக இரண்டாவது படி தானாகவே ஏறிவிடும், மூன்றாவதுக்கும் பல நேரம் போய்விடுவோம். இயேசுவுக்குத் தூண்டுதல் வந்தது, உள்ளே இன்பமாகக் கிளம்புவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. தோமா அக்குவினாரும் இதையேதான் சொன்னார், சோதனை எதிரியிடமிருந்து வந்தது, அவருடைய சொந்த உடலின் கெட்ட நாட்டத்திலிருந்து வரவில்லை. "தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று யாக்கோபு 1:14 சொல்கிற இழுப்பு அவருக்கு இல்லை. நீங்கள் சொல்கிற இழுப்பு குடித்துக் குடித்து உடம்பு கற்றுக்கொண்ட பாடம். அது ஏற்கனவே செய்ததின் தழும்பு.

ஆனால் அதற்காக அவருக்கு எல்லாம் சுலபமாகப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். பசி இருந்தது, அது பாவமில்லாத ஆசை, பிசாசு அதைத்தான் பிடித்து இழுத்தான். சாவு பயம் இருந்தது, கெத்செமனியில் வியர்வை இரத்தத் துளிகளைப் போல் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். நல்ல ஆசைகளை விட்டுக்கொடுக்கும் வலி முழுதாக இருந்தது.

பழைய ரப்பர் ஆலை எழுதியது:
சரி. இல்லை என்று நேராகச் சொன்னதற்கு நன்றி ஐயா. யோசிக்கிறேன்.

கோயில் தெரு நண்பன் எழுதியது:
நான் சைவன், எட்டிப் பார்க்க வந்தவன், அனுமதித்தால் ஒரு வார்த்தை. எங்களுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. குறளில் எண்குணத்தான் என்று வருகிற இடத்தில் பரிமேலழகர் எட்டுக் குணத்தையும் சைவ ஆகமப்படி எண்ணுகிறார், அதில் ஒன்று இயல்பாகவே பாசங்களின் நீங்குதல். போராடி நீங்குவது கிடையாது, உயிரைக் கட்டும் அழுக்கை மலம் என்கிறோம், அவன் இயல்பிலேயே மலமில்லாதவன். அதோடு சிவன் கருவில் பிறப்பதில்லை, பிறவா யாக்கைப் பெரியோன். பிறப்பு என்பதே வினையின் பலன் என்கிறோம். உங்களுக்குச் சிக்கலே அவரைப் பிறக்கவும் வைத்து மலமில்லாதவராகவும் வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குறை சொல்லவில்லை, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிகிறது.

செம்பனை மெதடிஸ்ட் எழுதியது:
நண்பரே, முடிச்சை நீங்கள் பிடித்த மாதிரி எங்கள் ஆட்களே பிடிப்பதில்லை. வித்தியாசம், எங்களுக்குப் பிறப்பு தண்டனை இல்லை, சரீரம் தேவன் படைத்து நல்லது என்று கண்டது, கெட்டுப்போனது பிறகு. அதனால் கெடாத மனிதத்தை அவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

ஆனால் இதிலும் எங்களுக்குள் ஒரு சண்டை உண்டு, கெடாததை எடுத்தாரா கெட்டதை எடுத்தாரா என்று. "பாவமாம்சத்தின் சாயலாக" என்று ரோமர் 8:3 சொல்வதை வைத்து ஸ்காட்லாந்துக்காரர் எட்வர்ட் இர்விங், விழுந்த மனித சுபாவத்தையே அவர் எடுத்தார், பரிசுத்த ஆவியின் பலத்தால் அதைப் பாவமில்லாமல் காத்தார் என்று போதித்தார். 1833 இல் அவரை ஊழியத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், அடுத்த வருடம் 42 வயதில் செத்துப்போனார். 20 ஆம் நூற்றாண்டில் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் ஏறக்குறைய அந்தப் பக்கமே பேசினார், அவரை யாரும் நீக்கவில்லை! அட்வெந்து சபைக்காரர்களிடையேயும் இது பெரிய விவாதம், 1957 இல் அவர்கள் வெளியிட்ட கோட்பாட்டு விளக்க நூலுக்குப் பிறகு இன்னும் சூடாகிவிட்டது. பழைய ரப்பர் ஆலை அண்ணன் கேட்ட கேள்விக்கு அவர்களில் ஒரு சாரார் கிராணி ஐயா மாதிரி இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்துப் பிள்ளை எழுதியது:
ஒரு இடைச் சந்தேகம். கத்தோலிக்கர்கள் அமல உற்பவம் என்று கொண்டாடுவது இயேசு பாவமில்லாமல் பிறந்ததைத்தானே?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:
இல்லை தம்பி, அது மரியாளைப் பற்றியது, அவர் தம் தாயின் வயிற்றில் உருவானபோதே ஜென்மப் பாவமில்லாமல் காக்கப்பட்டார் என்பது, 1854 இல் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்தார். எங்கள் ஆட்களே பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள். மரியாளைக் காத்தது அருள். இயேசுவுக்கு அவர் யார் என்பதே போதும்.

கெத்செமனிக்கு வருகிறேன், தங்கச்சியின் "கம்பிக்கு வலிக்காது" என்பது என்னைத் தூங்க விடவில்லை. 7 ஆம் நூற்றாண்டில் பேரரசர்கள் அரசியல் ஒற்றுமைக்காக, கிறிஸ்துவில் சித்தம் ஒன்றுதான், தேவ சித்தம் மட்டும், என்று ஒரு சமரசத்தைத் திணித்தார்கள். பார்த்தால் நமக்குச் சாதகமான கருத்து, மனித சித்தமே இல்லை என்றால் பாவம் செய்யும் பேச்சே இல்லை, கதை முடிந்தது. அதை எதிர்த்தவர் மாக்சிமுஸ் என்ற துறவி. "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று அவர் ஜெபித்திருக்கிறார், அங்கே ஒரு மனித சித்தம் நடுங்கவில்லை என்றால் அந்த ஜெபம் யாருடையது என்று கேட்டார். 662 இல் அவர் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், அதே வருடம் இறந்தார். 680, 681 இல் கூடிய மூன்றாவது கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் இரண்டு சித்தம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது, தடுமாறி எழுதிய திருத்தந்தை ஹொனோரியுஸையும் சேர்த்துக் கண்டித்தது, இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

நான் சொல்ல வருவது, இயேசுவால் பாவம் செய்ய முடியாது என்று சொன்ன அதே சபைதான் அவருக்கு மனித சித்தம் முழுதாக இருந்தது என்று சொன்னதற்காக நாக்கை இழந்தவரின் போதனையைச் சரி என்றது. சாவதற்குப் பயந்து பின்வாங்குவது இயற்கைச் சித்தம், அதில் பாவமில்லை என்றார் மாக்சிமுஸ். இதைச் செய்யலாமா அதைச் செய்யலாமா என்று நன்மை தெரியாமல் ஊசலாடுகிற நம்முடைய தடுமாற்றம் மட்டும்தான் அவரிடம் இல்லை. வலி இருந்தது தங்கச்சி. ஊசலாட்டம் இல்லை.

1098 இல் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த நூலில் ஒரு வரி வாதம் உண்டு, கிறிஸ்து பொய் சொல்ல விரும்பியிருந்தால் சொல்லியிருக்கலாம், வாயும் நாக்கும் இருந்தது, ஆனால் விரும்ப அவரால் முடியாது. எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:
விரும்ப முடியாது என்றால் அப்புறம் விரும்பியிருந்தால் என்று சொல்வதில் என்ன இருக்கிறது ஐயா? பூட்டிய கதவுக்குச் சாவி இல்லை, ஆனால் பூட்டில் துவாரம் உண்டு என்கிறார் அன்செல்ம்.

பழைய ரப்பர் ஆலை எழுதியது:
நேற்று இராத்திரி யோசித்தேன், எழுதிவிடுகிறேன். என்னோடு குடியை விட்ட கூட்டாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் இழுப்பு நல்லாத் தெரியும். தெரிந்து பிரயோசனம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் திரும்பவும் போய்விட்டார்கள், அன்றைக்கு நானும் போயிருக்க வேண்டியவன். எனக்கு என்னை மாதிரி இழுக்கப்படுகிற இன்னொருவர் தேவைப்படவில்லை ஐயா, அவர்கள் ஏராளம். தங்கச்சி சொல்கிற இயேசுவை நினைத்தால் எனக்கு அவருக்காகப் பயமாக இருக்கிறது, அவரும் ஒரு சம்பள நாள் தாண்ட வேண்டுமே என்று. எபிரெயர் 2:18 இல் "சோதிக்கப்பட்டுப் பாடுபட்டதினாலே" உதவிசெய்ய வல்லவர் என்று இருக்கிறது. பாடுபட்டார் என்பது எனக்குப் போதும்.

தோட்டத்துப் பிள்ளை எழுதியது:
அண்ணே, உங்கள் பதிவை எங்கள் வகுப்பில் படித்துக் காட்டலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

பழைய ரப்பர் ஆலை எழுதியது:
படியுங்கள். தோட்டத்துப் பெயரையும் சொல்ல வேண்டாம்.

செம்பனை மெதடிஸ்ட் எழுதியது:
அக்காவுக்காக இன்னொரு வாதம், இது புதுசு, தாமஸ் மோரிஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1986 இல் வைத்தது. சோதனை உண்மையாக இருக்க, விழும் வாய்ப்பு நிஜத்தில் இருக்க வேண்டியதில்லை, விழ முடியாது என்று சோதிக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் இருந்தாலே போதும் என்கிறார். இயேசுவின் மனித மனதுக்கு எல்லாம் தெரியாது, அந்த நாழிகை எனக்குத் தெரியாது என்று மாற்கு 13:32 இல் அவரே சொல்கிறார், ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா சொல்கிறார். அப்படியென்றால் வனாந்தரத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தவர், நான் எப்படியும் ஜெயிப்பேன் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முழுப் பலத்தையும் போட்டுத்தான் நின்றார். தேவ பலத்தைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:
தோமா அக்குவினார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். கிறிஸ்துவின் மனித ஆன்மா கருவிலிருந்தே கடவுளை நேருக்கு நேர் கண்டது என்பது அவர் போதனை. நானும் அங்கேதான் நிற்கிறேன், தம்பி சொல்வது கேட்க இனிமையாக இருந்தாலும்.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:
எனக்கு மோரிஸ் பிடித்திருக்கிறது, கிராணி ஐயா மன்னிக்கவும். ஹாட்ஜை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. மோரிஸ் சொல்வதில் இயேசு உண்மையாகவே நின்றார் என்று பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறது, அந்த அளவுக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளே கதவு பூட்டித்தான் இருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை அவ்வளவுதான் என்கிறபோது திரும்பவும் உறுத்துகிறது. பரலோகப் புனிதர் கேள்வி இன்னும் என் மேல் கடனாக இருக்கிறது. மறுமையைப் பற்றி ஹாட்ஜ் தம் மூன்றாம் தொகுதியில் எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டு வருகிறேன். நடுவரே, இழையைப் பூட்டிவிடாதீர்கள்.

நடுவர்:
பூட்டவில்லை. அத்திமரக்காரர் தனி இழை போட்டுவிட்டார், அங்கேயும் போங்கள்.